சாம்பிராணிக் கூடையும் நீ அனுப்பிய சீசாவும்

என் ராசாவுக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கிறதே, அம்மாவுக்கு உடம்புக்கு என்னவோ ஏதோ என்று பதறாதே. பஸ்ஸிலும் மாட்டுவண்டியிலும் குலுங்கிவிட்டு வந்த கை இது. உன் கடிதம் கிடைத்த சூட்டோடு நான் விக்கிரமங்கலம் போய்த் திரும்பியிருக்கிறேன். ஆமாம், உனக்குப் பேசி முடித்திருக்கிற பெண் வீட்டுக்குத்தான். தை மாதக் கல்யாணத்துக்குக் கார்த்திகையிலேயே, சொல்லாமல் கொள்ளாமல், ஒரு வெற்றிலை பாக்குத் தட்டுகூட இல்லாமல் போய் இறங்கினேன். தையல்நாயகி எப்படி இருக்கிறாள் என்றுதான் நீ முதலில் கேட்பாய். இருக்கிறாள், சாப்பிடுகிறாள், பேசுகிறாள். இப்போதைக்கு அது போதும். மற்றதை வரிசையாகத்தான் சொல்வேன். சின்னப் பிள்ளையிலிருந்தே கதையின் முடிவை முதலில் சொல்லு என்று முந்தானையைப் பிடித்து இழுக்கிறவன் நீ. இந்தத் தடவை அந்தப் பாச்சா பலிக்காது.

வியாழக்கிழமை மத்தியானம் தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தார். அடுப்பில் குழம்பைக் கூட்டி வைத்துவிட்டு வாசலிலேயே நின்று படித்தேன். விஷக்காய்ச்சலில் விழுந்து எழுந்த தையலுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, அந்த வெட்கத்தில் கிணற்றடிக்குக்கூட முக்காடு போட்டுக்கொண்டு போகிறாள், கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமா என்று அவள் அப்பா கேட்டனுப்பினார் என்று நான்தானே உனக்கு எழுதியிருந்தேன். அதற்கு நீ "ஒரு நாள்கூடத் தள்ளிவைக்க வேண்டாம்" என்று எழுதியிருந்த வரியைப் படித்ததும் எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. என் வயிற்றில் பிறந்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குக் கீழே படித்தேன். திருச்சிக் கடைத்தெருவில் பட்டாளத்துச் சரக்கு விற்கிறவனிடம் முடி வளர்கிற மருந்து ஒரு சீசா வாங்கினாயாம். அதை விக்கிரமங்கலத்து எண்ணெய் வியாபாரியிடம் கொடுத்தனுப்பினாயாம். புதன்கிழமையே அவள் கையில் சேர்ந்திருக்குமாம். நல்ல ஸ்பிரிட்டில் செய்த அசல் சரக்கு, மோந்து பார்த்தாலே மூக்கில் சுரீரென்று ஏறுகிறது, தடவினால் மண்டை ஜில்லென்று இருக்கிறது என்று ஒரே பெருமை. கடைசியில், "வெள்ளிக்கிழமை தலைமுழுகிவிட்டுத் தாராளமாகத் தேய்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்" என்று முடித்திருந்தாய். அந்த வரியைப் படித்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். குழம்பு அடிப்பிடித்து நாறிய பிறகுதான் நினைவு வந்தது.

தலைக்குத் தடவுகிற மருந்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பாய். அரியலூரில் இருக்கிற உன் அஞ்சலை அத்தையின் உள்ளங்கைகளை நினைத்துப் பார். உன் அப்பாவுக்கு ஒரே தங்கை. அவள் கையால் நீ எத்தனையோ தடவை சோறு வாங்கித் தின்றிருக்கிறாய். அந்தக் கைகள் இரண்டும் ஏன் வழவழவென்று இழுத்துப் பிடித்தாற்போல் இருக்கின்றன என்று நீ கேட்டபோதெல்லாம், கஞ்சி வடிக்கும்போது கொட்டிவிட்டது என்று சொன்னோம். என் இடது காது மடல் ஏன் சுருங்கியிருக்கிறது என்று நீ கேட்டதே இல்லை. நானும் முடியை அதன்மேல் இழுத்துவிட்டே பழகிவிட்டேன். உன் அப்பா இருந்தவரைக்கும் அந்தப் பேச்சை இந்த வீட்டில் எடுக்க முடியாது. எடுத்தால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற இலையை விட்டு எழுந்து போய்விடுவார். அவர் கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிவிட்டது. இனிமேல் உனக்குச் சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும்.

நீ பிறந்து நாலாவது மாதம் எனக்குத் தலைமுடி கொட்ட ஆரம்பித்தது. அடேயப்பா, அதை ஏன் கேட்கிறாய்! சீப்பை வைத்தால் சீப்போடு வந்தது, தலையணையில் கிடந்தது, குடிக்கிற தண்ணீரில்கூட மிதந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் கொட்டும், தானாக வளரும் என்று ஊரில் எல்லாப் பெண்களும் சொன்னார்கள். எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று அழுதேன். உன் அப்பா பேசாத மனுஷன், உனக்குத் தெரியும். அவர் அதைப் பார்த்துவிட்டு வெளியே போனார். அடுத்த வாரம் கடலைக்காய் விற்க அரியலூர் போனவர், அங்கிருந்து ரயிலேறித் திருச்சிக்குப் போய், இங்கிலீஷ் மருந்துக்கடையில் ஒரு சீசா வாங்கித் துண்டில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். சீசாவில் ஒட்டியிருந்த சீட்டில் முடி கணுக்கால் வரைக்கும் தொங்குகிற ஒரு வெள்ளைக்காரியின் படம். யாருக்கும் தெரியாமல் சமையற்கட்டுக்கு வந்து, "இத தேச்சுக்க, வளருமாம்" என்று கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். கல்யாணமாகி அவர் எனக்கென்று வாங்கி வந்த முதல் சாமான் அது. அன்றைக்கு முழுக்க நான் அதை மடியிலேயே கட்டிக்கொண்டு திரிந்தேன், தெரியுமா!

சீட்டில் எழுதியிருந்தது இங்கிலீஷ். எங்களுக்குப் படம்தான் தெரிந்தது. நம் வீடுகளில் தலைக்குப் போடுகிறது எதுவானாலும் அது எண்ணெய்தானே? எண்ணெய் என்றால் உள்ளங்கை நிறைய ஊற்றி, மண்டை ஊறுகிற வரைக்கும் சதசதவென்று தேய்ப்போம். நானும் அப்படியே செய்தேன். வெள்ளிக்கிழமை தலைமுழுகி, முடியை உலர்த்தி, கொல்லையில் வெயிலில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்து அரைச் சீசாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். அப்புறம் வழக்கம்போலச் சாம்பிராணி. தூபக்காலில் தணலைப் போட்டு, அதன்மேல் கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் முடியை விரித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்வோமே, அப்படித்தான் உட்கார்ந்தேன். பிள்ளைக்கும் புகை படட்டும் என்று உன்னை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கூடையின் ஓரத்தைத் தூக்கிச் சாம்பிராணிப் பொடியை ஒரு சிட்டிகை போட்டேன். தணல் குப்பென்று எழும்பிற்று.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படி. நெருப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. விறகு எரிந்தால் மஞ்சளாகத் தெரிகிறது, மண்ணெண்ணெய் எரிந்தால் புகைகிறது. இந்த ஸ்பிரிட்டு அப்படியில்லை, நல்ல வெயிலில் அது எரிவது எவருக்கும் தெரியாது. என் பின்னந்தலையில் யாரோ கொதிக்கிற தண்ணீரை ஊற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். எதிரே அம்மிக்கல்லில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி, நான் கத்துவதைப் பார்த்துத் தேள் கொட்டிவிட்டது என்று தேளைத் தேடினாள்! துணி அலசிக்கொண்டிருந்த அஞ்சலை ஒருத்திக்குத்தான் என் முடி நுனி தானாகச் சுருண்டு பொசுங்குவது தெரிந்தது. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது இருந்தால் அதிகம். ஓடி வந்து உன்னை ஒரு கையால் வாரி வைக்கோல் குவியல் மேல் போட்டாள். இன்னொரு கையில் ஈரச் சேலையை எடுத்து என் தலையில் போட்டு, அது நிற்காமல் நழுவ நழுவ, வெறும் உள்ளங்கை இரண்டாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அணைந்துவிட்டதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாத நெருப்பு அல்லவா? அதனால் சூடு ஆறுகிற வரைக்கும் அவள் கையை எடுக்கவே இல்லை.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் மிகவும் நல்லவர். திட்டவில்லை. உன் அப்பாவை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். "இது தைலம் இல்லீங்க, முக்காலும் ஸ்பிரிட். சில பேருக்கு டாக்டர் பார்த்துக் குடுக்கறதுதான், விஷம்னு சொல்ல மாட்டேன். ஆனா இத தலையில போட்டா நல்லா ஒணர்ற வரைக்கும் வெளக்கு, அடுப்பு, பீடி எதுங்கிட்டயும் போவக்கூடாது" என்றார். சில சொட்டுப் போதுமாம், எண்ணெய் மாதிரி ஊற்றக் கூடாதாம். புண்ணோ கீறலோ இருக்கிற தலையில் போடவே கூடாதாம். எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் உடனே கழுவிவிட வேண்டுமாம். மூடியை இறுக்கிக் குழந்தை கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்றார். அப்புறம்தான் எனக்கு நெஞ்சை அறுத்த ஒன்றைச் சொன்னார். பிள்ளை பெற்ற பிறகும் கடுங்காய்ச்சல் கண்ட பிறகும் கொட்டுகிற முடி அநேகமாகத் தானாகவே திரும்பி வந்துவிடும், சில மாதம் பொறுத்தால் போதும் என்றார். ஊர்ப் பெண்கள் சொன்னதையேதான் அவரும் சொன்னார். நான் காத்திருந்தாலே போதுமாயிருந்தது.

எனக்கு முடி வளர்ந்தது. அஞ்சலைக்குத் தோல் வளர்ந்தது, ஆனால் பழைய தோல் வரவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் அவள் காப்பித் தட்டை நீட்டியதும் கையைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்று எழுந்து போனார்கள். அவளைக் கட்டிக்கொண்ட உன் மாமா வந்துதான் "கை எப்டி இருந்தா என்ன, சமைக்கறது ருசியா இருக்குதுல்ல" என்று சிரித்தார். அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.

உன் அப்பா கதை வேறு. அவர் அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. என்மேல் இருந்த பிரியம் ஒரு குன்றிமணி குறையவும் இல்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் எனக்கென்று தம் கையால் ஒரு சாமான் வாங்கி வந்ததே இல்லை. தீபாவளிச் சேலைக்குக்கூடப் பணத்தைக் கொடுத்து, "நீயே போயி பாத்து எடுத்துக்க" என்பார். சந்தைக்குப் போய் மாட்டுக்கு மணி வாங்கி வருவார், உனக்குப் பம்பரம் வாங்கி வருவார். எனக்கு ஒரு முழம் கதம்பம்கூட இல்லை. கை வைத்தால் எரிந்துவிடும் என்று பயந்துவிட்டார், பாவம். அந்தப் பயத்தை எப்படிப் போக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. பேச்செடுத்தால்தான் எழுந்து போய்விடுவாரே. நெருப்புப் பட்டது எனக்கு ஒரு மாதத்தில் ஆறிவிட்டது, ராசா. இது ஆறவே இல்லை.

இப்போது தெரிகிறதா, உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் ஏன் ஓடினேன் என்று? விக்கிரமங்கலத்துக்குத் தந்தி கொடுக்கலாம் என்றால் அங்கே தந்தி ஆபீஸ் ஏது. மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்தப் பெண் தலைமுழுகுவாள், நீ அனுப்பியதைத் தாராளமாகத் தேய்ப்பாள், சாம்பிராணிக் கூடைக்குத் தலையைக் கொடுப்பாள். பட்டாளத்துக்காரனுக்கு வந்த சரக்கு என்றாயே, பட்டாளத்துக்காரனுக்குத் தலைக்குச் சாம்பிராணி போட அவன் அம்மா கூடவா வருகிறாள்? அவன் தடவிக்கொண்டு தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விடுவான். அவனுக்குக் கெடுதி செய்யாதது நம் கொல்லைக்கு வந்தால் ஆளையே எரிக்கும். கதவைச் சாத்தினேன், பக்கத்து வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னேன், கட்டிய சேலையோடு பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டேன்.

யுத்தம் முடிந்தும், பெட்ரோலுக்குப் பதிலாகக் கரிப்புகையில் ஓடுகிற இந்தக் கரி பஸ் ஒழிந்தபாடில்லை. பின்னால் அடுப்புக்கரி உருளையைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் மேடு வந்தாலும் மூச்சு வாங்குகிறது. அன்றைக்கு மழையில் கரி வேறு நமத்துப் போய்விட்டது. கிளீனர் பையன் கரியைப் பற்றவைக்கக் காற்றாடியைச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்தான். ஆண்பிள்ளைகள் எல்லாம் இறங்கித் தள்ளினார்கள். நானும் இறங்கித் தள்ளினேன். "நீங்க ஏறி ஒக்காருங்கம்மா, பாக்கறவங்க எங்களத்தான் ஏசுவாங்க" என்று டிரைவர் கெஞ்சினார். "ஏசட்டும். நான் நாளைக்கு விடியறப்ப விக்கிரமங்கலத்துல இருக்கணும்" என்றேன். என்ன நினைத்தாரோ, அரியலூரில் இருட்டிய பிறகு, வழக்கமாக நிற்கிற இடத்தையும் தாண்டி அஞ்சலை வீட்டுத் தெருமுனையிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, மகராசன்.

அஞ்சலையிடம் நான் ஒரு வாக்கியம்தான் சொன்னேன். அவள் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. "மொதக் கோழிக்கு வண்டி பூட்டச் சொல்றேன் அண்ணி. நீங்க ரெண்டு வாய் சாப்புட்டுட்டுப் படுங்க" என்றாள். விடியலுக்கு முன்னாலேயே உன் மாமா வண்டியைப் பூட்டிவிட்டார். வழியெல்லாம் சேறு. மாடுகள் கால் வைத்து எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனாலும் அந்த வண்டிக்குள்தான் நான் இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். "அன்னிக்கு ஒனக்குப் பயமா இல்லியாடி?" என்றேன். "பயப்பட எங்க அண்ணி நேரம்? புள்ள மடியில இருந்தான்" என்றாள். நான் அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, "ஒங்க அண்ணனுக்குப் பயந்து நான் ஒனக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. எம் புள்ளயும் நானும் இருக்கறது ஒன்னாலதான்" என்று சொல்லிவிட்டு அழுதேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "வுடுங்க அண்ணி, வண்டி ஆடுது. கம்பியப் புடிங்க, வுழுந்துடப் போறீங்க" என்றாள். உன் அத்தையிடம் யாராவது நன்றி சொல்லிப் பார்க்கட்டும்!

ஊருக்குள் நுழையும்போது வெயில் வந்துவிட்டது. அவர்கள் தெருவில் திரும்பியதுமே சாம்பிராணி வாசனை வந்தது. அஞ்சலை வண்டி நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டாள். வாசல் வழியாகப் போனால் வாங்க உட்காருங்க என்று நேரம் போய்விடும் என்று, வேலி ஓரமாகச் சுற்றிக் கொல்லைக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே நான் பார்த்தது என் கண்ணை விட்டுப் போகாது. தையல் மணைப்பலகையில் உட்கார்ந்திருக்கிறாள். மிச்சமிருக்கிற முடியைப் பின்னால் தள்ளிவிட்டிருக்கிறாள், மண்டை நனைந்து மினுங்குகிறது. பக்கத்தில் உன் சீசா, மூடிகூடப் போடாமல். அவள் அம்மா தூபக்காலில் தணலை விசிறிக்கொண்டே, கூடையைக் கவிழ்க்கக் கை நீட்டிக்கொண்டிருக்கிறாள். அஞ்சலை ஓடிப்போய், குளித்து மிச்சமிருந்த அண்டாத் தண்ணீரை அப்படியே தூக்கித் தணலில் கொட்டினாள். புசுக்கென்று சாம்பல் எழும்பி எல்லார் முகத்திலும் அப்பிற்று. நான் தையலைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டேன்.

சத்தம் கேட்டு அவள் அப்பா ஓடி வந்தார். அவர் பார்த்தது என்ன? சம்பந்தி வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், அழைக்காமல் வந்து, கொல்லைவழியாக நுழைந்து, வெள்ளிக்கிழமைத் தணலில் தண்ணீரை ஊற்றி நிற்கிறார்கள். மனுஷருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "என்னம்மா அநியாயம் இது? வெள்ளிக்கெழமயும் அதுவுமா வூட்டு நெருப்ப அணைக்கிறீங்க? பொண்ணுக்கு முடி போச்சு, வேணாம்னா வாயால சொல்லிட்டுப் போயிருக்கலாமே. நாந்தான் முன்னாடியே தள்ளிவச்சுக்கலாம்னு சொல்லி அனுப்பினனே!" என்று கத்தினார். அவர் குரல் கடைசியில் உடைந்துபோயிற்று. எனக்கும் சுருக்கென்றுதான் வந்தது. வந்த வழியெல்லாம் பட்ட பாடு இவருக்கு என்ன தெரியும் என்று வாயைத் திறந்தேன். அஞ்சலை என்னைப் பார்வையாலேயே அடக்கிவிட்டாள்.

"அண்ணே, ஒரு தீப்பெட்டி குடுங்க. அப்புறம் எவ்வளவு வேணாலும் ஏசுங்க, கேட்டுக்கறேன்" என்றாள். ஒரு கொட்டாங்கச்சியில் உன் சீசாவிலிருந்து கொஞ்சம் ஊற்றினாள். சீசாவை மூடி என்னிடம் தள்ளிக் கொடுத்துவிட்டு, கொட்டாங்கச்சியைத் தூரத்தில், வெயிலில், துவைக்கிற கல்மேல் வைத்துக் குச்சியைக் கிழித்துக் காட்டினாள். "பத்தலயே" என்றார் அவர். "அப்டியா? இந்த வைக்கோல அதுக்கு மேல நீட்டுங்க, கைய கிட்ட கொண்டுபோயிடாதீங்க" என்றாள். அவர் நீட்டினார். ஒன்றுமில்லாத வெறுங்காற்றில் அந்த வைக்கோல் கறுத்துச் சடக்கென்று பற்றிக்கொண்டது. அவர் அதை உதறிவிட்டு இரண்டு அடி பின்னால் போனார். அஞ்சலை தன் உள்ளங்கைகளை விரித்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். "இதே நெருப்புதாண்ணே" என்றாள். தையலின் அம்மா கவிழ்க்க எடுத்த கூடையை இன்னும் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். அது நழுவி விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டு வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

அவர்கள் அழுது ஓயட்டும் என்று நான் தையலைக் கிணற்றடியில் உட்காரவைத்துத் தண்ணீர் சேந்திச் சேந்தித் தலையை அலசினேன். நம் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அப்போதுதான். நெற்றிக்கு மேலே சீப்புப் பட்டுக் கீறியிருந்த இடமெல்லாம் சிவந்து கொப்பளித்திருந்தது. "எரியலயாடி கண்ணு?" என்றேன். "எரிஞ்சுது அத்தை. ரொம்ப எரிஞ்சுது. அவுங்க அனுப்பினதாச்சேன்னு பொறுத்துக்கிட்டேன்" என்றாள். கேட்டாயா? இதைப் படிக்கும்போது உனக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அவள் தலையைத் துவட்டும்போது என் விரலுக்கு என்னவோ மெத்தென்று பட்டது. குனிந்து பார்த்தேன். முடி கொட்டிய இடத்திலெல்லாம் புதிதாகப் பூனைமுடி முளைத்துக் குத்திட்டு நிற்கிறது. அவள் கையை எடுத்து வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன். தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையை எடுக்க மனசில்லை. மருந்தும் இல்லாமல் மாயமும் இல்லாமல் அது தன்பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. தைக்குள் பின்னல் வராது. வராவிட்டால் போகிறது. சவுரி வைத்துப் பூத்தைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? தெரிந்தால்தான் என்ன? உன் மாமனாரிடம் அதையேதான் சொன்னேன். தேதி அப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அஞ்சலையைப் பார்த்துக் கும்பிட்டார். உன் அத்தை சாம்பல் அப்பிய முகத்தோடு, "ஒரு செம்பு மோர் குடுங்கண்ணே, தொண்ட காஞ்சுபோச்சு" என்றாள்.

உன்னிடம் எனக்குக் கோபமே இல்லை. எத்தனையோ ஆண்பிள்ளைகள் முடி கொட்டிய பெண் வேண்டாம் என்பார்கள். நீ அவளுக்கு என்ன செய்யலாம் என்று கடைகடையாக ஏறி இறங்கியிருக்கிறாய். அதற்காக நான் உன் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர் மனசு உனக்கு வந்திருக்கிறது. அவர் பயம் மட்டும் வந்துவிடக் கூடாது. ஐயோ, என்ன செய்துவிட இருந்தோம் என்று கையைச் சுருக்கிக்கொள்ளாதே. வாங்கிக் கொடு. பூ வாங்கு, ரவிக்கைத் துணி வாங்கு, பொரிவிளங்காய் உருண்டை வாங்கு. தலைக்கும் முகத்துக்கும் போடுகிறதாக இருந்தால் மட்டும் அதில் என்ன இருக்கிறது, எங்கே கூடாது என்று ஒரு டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்கு. இன்னொன்று. உன் நெற்றியும் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை ஆவணியில் நீ வந்தபோதே பார்த்தேன். அவளுக்கு ஒன்று வாங்கினவன் உனக்கு ஒன்று வாங்காமலா இருப்பாய்? நீ வேலை செய்கிறது ரயில் பட்டறை உலைக்கு முன்னால். திருட்டுத்தனமாகப் பீடி வேறு. வழுக்கைத் தலையோடு ஒரு பிள்ளை எனக்கு இருந்தால் போதும், அந்த மருந்தைக் கொண்டுபோய் எங்கேயாவது கொட்டிவிடு, அடுப்பு இல்லாத இடமாகப் பார்த்து.

கிளம்பும்போது சீசாவை என் பையில் போட்டுக்கொண்டேன். ஊரில் கிடக்க வேண்டாம், வழியில் எங்கேயாவது தொலைத்துவிடலாம் என்று. வண்டியில் ஏறப் போகையில் தையல் கதவோரமாக வந்து நின்றாள். முக்காடு இல்லை. "அத்தை" என்றாள். "அவுங்கள ஒண்ணும் சொல்லிப்புடாதீங்க. எனக்குன்னு அவுங்க மொத மொதல்ல வாங்கி அனுப்பினது. உள்ள இருக்கறத கொட்டிட்டு, சீசாவ மட்டும் குடுத்துட்டுப் போங்களேன்."

இன்னொன்றை உனக்குச் சொல்லாமல் விட்டேன், ராசா. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் உன் அப்பா என் சீசாவைத் துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்துச் சில்லுச் சில்லாக உடைத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். வண்டியிலிருந்து இறங்கி, அதைக் கவிழ்த்துக் கொட்டி, நானே மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

உன் அம்மா